திருவிழாக் கூட்டத்தில் ஒரு சிறு கை

பொங்கலையொட்டிச் சென்னைத் தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி. காக்களூர்வாசிகளான நாம் திருவள்ளூரில் ரயிலேறிவிடுகிறோம். ராட்சத ராட்டினமும் டெல்லி அப்பளமும் நமக்கு; 4 வயதுத் தங்கைக்குத் தெரிவதோ பெரியவர்களின் முழங்கால்களே! "அக்காவுடன் இருக்கிறாள்" என அம்மாவும், "அம்மாவுடன் இருக்கிறாள்" என நாமும் நினைக்கும்போதுதான் குழந்தை தொலைகிறது. எருசலேம் திருவிழா முடிந்து திரும்புகையில் மரியன்னையும் சூசையப்பரும் அவ்வாறே எண்ணி ஒரு நாள் வழிநடந்தனர். 12 வயது இயேசுவைக் கண்டதோ மூன்று நாட்களுக்குப் பின்! ஆகவே தோழியரே, சிறு கையைப் பற்ற ஒருவரையே பொறுப்பாக்குவோம். சட்டைப்பையில் வீட்டுத் தொலைபேசி எண் இருக்கட்டும்; குழந்தைகள் உதவி எண் 1098 நம் நினைவில் இருக்கட்டும். ராட்டினச் சுற்று ஒன்று குறைந்தால் குறையட்டும். வீடு திரும்புவோரில் ஒருவர் குறையலாகாது!