பிள்ளைகளின் தலையில் ஏற்றிய பதில்

யாழ்ப்பாணத்தில் நடுவயதைத் தாண்டிய ஒருவரிடம் வாழ்க்கையின் பயன் என்ன என்று கேட்டால், சைவசித்தாந்தம் பேசுபவரும் கோயில் வாசலை மிதிக்காதவரும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "பிள்ளையள் நல்லா வந்திட்டால் அதுவே போதும்." முத்தியும் வீடுபேறும் பிரசங்க மேடைக்கு உரியவை, விடியப்புறத்தில் மனிதரை எழுப்பி வேலைக்கு அனுப்புவது இந்த ஒரு வாக்கியம். அதில் அன்பும் தியாகமும் இருப்பதால் யாரும் அதை உரைத்துப் பார்ப்பதில்லை. உரைத்துப் பார்த்தால் அது பதிலே அல்ல. தகப்பனின் வாழ்வுக்குப் பயன் மகன் என்றால், மகனுடைய வாழ்வுக்குப் பயன் பேரன். பேரனுக்கு அவனுடைய பிள்ளை. கேள்வி கைமாறிக்கொண்டே போகிறது, எந்தத் தலைமுறையும் அதற்கு முகம் கொடுப்பதில்லை. தன் வாழ்வுக்குத் தன்னளவில் பெறுமதி இல்லை என்று நம்புகிற ஒருவர், பெறுமதியான வாழ்வொன்றைப் பிள்ளைக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்?

இது எங்கள் பரம்பரைப் பண்பு என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் சட்டமான தேசவழமையைச் சான்றுக்கு இழுப்பார்கள். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் யாரைச் சேரும் என்று அது சொல்கிறது. மனிதர் எதற்காக வாழ்கிறார் என்று சொல்லவில்லை. சொத்தைக் கையளிக்கும் கடமை ஒன்று, வாழ்வையே கையளிப்பது இன்னொன்று. இரண்டும் கலந்தது பிறகுதான். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தில் எதிரெதிராக நின்ற இரு தரப்பும் போட்டிக்குப் பள்ளிக்கூடம் வளர்த்தன. அந்த நூற்றாண்டு முடியும் காலத்தில் மலாயாவின் ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் கிளாக்கர்மார் தேவைப்பட்டார்கள். படித்தவன் கப்பலேறினான், பென்சனோடு திரும்பிக் கல்வீடு கட்டினான். செம்மண் தோட்டத்தில் துலா மிதித்துப் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தவர் அந்த வீட்டைப் பார்த்தார். 'நல்லா வாறது' என்பதற்கு உத்தியோகம் என்ற ஒற்றைப் பொருள் ஒட்டிக்கொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலும் 1983இல் தமிழர்மீது நடந்த வன்செயலும் அந்தப் பொருளை மாற்றவில்லை. உத்தியோகம் இருந்த இடத்தில் விசாவை வைத்தன.

இந்தப் பதிலின் ஆகக் கொடிய பக்கம், அது பிள்ளைகள் என்று சொல்லும்போது என் பிள்ளை என்று மட்டுமே கருதுவது. 1930ஆம் ஆண்டளவில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவர்களோடு சமமாக வாங்கில் இருந்து படிக்கவேண்டும் என்று வந்தபோது, குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. கல்விக்காகக் காணியை ஈடு வைத்த சமூகம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அயலவன் பிள்ளை வாங்கில் ஏறினால் தன் பிள்ளையின் உயரம் குறையும் என்று கணக்குப் பார்க்கிற அன்பை வாழ்வின் பயன் என்று என்னால் ஏற்க முடியாது. வேறு வழி தெரியாத மண்ணுமல்ல இது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசான இயக்கத்தில், ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் சாதி வேற்றுமையை எதிர்த்தார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். படித்த இளைஞர்கள் தங்கள் வீட்டு மதிலுக்கு வெளியே பயன் தேடினார்கள்.

போரைக் காட்டி மறுப்பவர்களுக்கு நான் மதிப்போடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் இடம்பெயர்ந்து, மழைக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த தாய்க்கு அந்தப் பிள்ளையைத் தவிர வேறு பயன் இருந்திருக்க வேண்டியதில்லை. உயிர் தப்ப வேண்டிய நேரத்தில் அது போதும். அந்த இரவின் கணக்கையே காலம் முழுவதற்கும் விதியாக்குவதைத்தான் மறுக்கிறேன். இன்று அந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதும் பத்து வயதுப் பிள்ளை சுமக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு ரியூசன், ரியூசன் விட்டு வீட்டில் பயிற்சிப் புத்தகம். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தால், தன் தாய் தகப்பனின் வாழ்வு வீணாகிவிட்டது என்றே அது விளங்கிக்கொள்கிறது. அவர்கள் அப்படித்தானே சொல்லி வளர்த்தார்கள்! புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். பிள்ளைகள் நல்லாத்தான் வந்தார்கள், கனடாவுக்கும் சுவிசுக்கும் போனார்கள். முற்றத்தைக் கூட்ட ஆளில்லை.

பிள்ளை இல்லாத பெண்ணுக்கு இந்தப் பதில் என்ன சொல்கிறது? 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளை இழந்த தாய்க்கு என்ன சொல்கிறது? அவள் இன்றும் விடிய எழும்புகிறாள், அடுப்பு மூட்டுகிறாள், கோழிகளைத் திறந்து விடுகிறாள், அயல் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் போய் நிற்கிறாள். அவளுடைய வாழ்வின் பயன் அந்த வருடத்தோடு முடிந்துவிட்டது என்று சொல்லும் ஒரு பதிலை அவள் முன்னால் நின்று என்னால் சொல்ல முடியாது.