100 வாட் எதற்கு?

புது வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றாலே இளைஞர்கள் 100 வாட் கேட்கிறார்கள். வீட்டில் வால்யூமை ஒன்றில் வைத்து, கெயின் குமிழை முழுக்கத் திருகிவிட்டு, ராக் டோன் வரவில்லை என்று புலம்புகிறார்கள். எப்படி வரும்? அந்தக் கனத்த கரகரப்பில் பெரும்பங்கு, பவர் வால்வுகள் திணறும்போது பிறப்பது. 100 வாட்டைத் திணறடிக்கப் படுக்கையறை தாங்காது. சரி, 50 வாட் வாங்கலாமா? இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல்தான்! 1970இல் எரிக் கிளாப்டன் ‘லைலா’ ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப். சுமார் 5 வாட். முதல் வாரமே வால்வை மாற்று, ஸ்பீக்கரை மாற்று என்பவர்கள் உங்கள் பர்ஸுக்குத்தான் குறிவைக்கிறார்கள். என் கட்சி இதுதான்: சின்னதாக வாங்குங்கள், கெயினைக் குறையுங்கள், வால்யூமை ஏற்றுங்கள். 5 வாட்டுக்கே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.