தண்ணியைச் சோதித்தால் போதாது, நம்ம உடம்பையும் சோதி!



அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது 1964-இல். நம்ம ஏரியும் வாய்க்காலும் அதற்கு முன்பே இருந்தவை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது ஊருக்கே தெரியும். பிளேட்டிங் கம்பெனி கழிவில் குரோமியம், நிக்கல் இருக்கும். பழைய பேட்டரி உருக்கும் இடத்தில் ஈயம் பறக்கும். புகார் கொடுத்தால் தண்ணியைப் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். அந்தத் தண்ணியில் நின்று வேலை செய்கிற மனுசனைச் சோதிப்பது யார்?

"விஷயம் வெளியே தெரிஞ்சா நம்ம நெல்லை, கீரையை எவன் வாங்குவான்?" என்று பலர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஜப்பானைப் பாருங்கள். ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவின் காட்மியம் வயலில் இறங்கி, அரிசியில் ஏறி, விவசாயக் குடும்பத்துப் பெண்களின் எலும்பை முறித்தது. 'வலிக்குது, வலிக்குது' என்பதே நோயின் பேராகிவிட்டது. 1968-இல் அரசு ஒப்புக்கொண்டது. 1971-இல் கோர்ட்டில் கம்பெனி தோற்றது. பிறகு கெட்டுப்போன வயல்களின் மண்ணையும் சீர்செய்தார்கள். மறைத்திருந்தால் நிலமும் போயிருக்கும், உயிரும் போயிருக்கும்.

தாமதமும் ஆபத்துதான். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016-இல்! உள்ளே போன பாதரசம் சில மாதங்களில் சிறுநீரில் குறைந்துவிடும். வருசம் கழித்துச் சோதித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றால் அது நிரபராதச் சான்று ஆகாது.

எந்தச் சோதனை என்பதிலும் ஏமாறக் கூடாது. பாதரசம், காட்மியம், ஆர்சனிக்குக்குச் சிறுநீர். ஈயத்துக்கு ரத்தம்தான். குரோமியம், நிக்கல் சமீபத்தில் உள்ளே போயிருந்தால்தான் சிறுநீரில் தெரியும். ஆர்சனிக் சோதனைக்குச் சில நாள் முன்பிருந்தே மீன், நண்டு, இறால் தொடக் கூடாது; இல்லாவிட்டால் கணக்கு தப்பாகக் கூடும். முதலில் ஒரு மருந்தைக் கொடுத்து, பிறகு சிறுநீர் பிடித்து, "உடம்பெல்லாம் உலோகம்" என்று பயமுறுத்தி மருந்து விற்பவர்களை நம்பாதீர்கள். அந்த மருந்தே உலோகத்தை வெளியே இழுக்கும். யாருக்கும் அளவு கூடத்தான் காட்டும். அந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்களே 2009-இல் சொல்லிவிட்டார்கள்.

நம்ம உடம்பில் விஷம் இருக்கிறது என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்று பார்க்கச் சொல்கிறோம். இது பிச்சை அல்ல, உரிமை!

அரசே! மாசுக்கட்டுப்பாடு வாரியமே!

* ஏரித் தண்ணியோடு வயல் மண்ணையும் விளைச்சலையும் சோதி!
* விவசாயிகள், கூலிக்காரர்கள், பிள்ளைகளின் ரத்தத்தையும் சிறுநீரையும் அரசு செலவில் சோதி!
* முடிவை எழுத்தில், தமிழில் அவரவர் கையில் கொடு!
* கெடுத்தவனிடம் வசூலித்து மண்ணைச் சீர்செய்!

கிராம சபையில் தீர்மானம் போடுவோம்! திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஊர் ஊராகத் திரண்டு போவோம்!