எங்கள் படங்கள், எங்கள் பக்கம்



இந்த மாதம் ஒரே ஒரு பொருளைச் செய்யும் விதத்தை எழுதுகிறேன். இணையத்தில் விரிந்து மூடும் புகைப்பட அல்பம்தான் அது. சிறிய படங்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் அது பெரிதாகத் திறக்கும். அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த படம் வரும். இதை ஒரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்விக்கப் பணம் வேண்டும். நாமே செய்யப் பொறுமை மட்டும் இருந்தால் போதும். எனது படிப்பு சாதாரண தரத்துடன் நின்றுவிட்டது. கணனியில் கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் தெரிந்திருந்த நான், எங்கள் மாதர் சங்கத்துக்காக இதைப் பழகினேன். பழக்கியவள் என் தங்கையின் மகள்.

எங்களில் அநேகமானோரின் வீட்டில் பழைய அல்பம் இல்லை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோதும், 2008, 2009 இல் வன்னியில் ஊர் ஊராக ஓடியபோதும் உரப்பையில் கட்டிய சாமான்களுள் முதலில் கைவிடப்பட்டவற்றில் அல்பமும் ஒன்று. பாரம் அப்படி. கலியாணப் படம்கூட இல்லாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே பல உண்டு. அதனால் சங்கத்தில் படம் என்ற பேச்சு வந்ததும், விற்பனைக்கான கடகம், பனையோலைப் பெட்டி, தைத்த சட்டை என்பவற்றுடன் உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் படங்களையும் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு உறவினர்களிடமிருந்து திரும்பி வந்த பழைய பிரதிகளும் அவற்றுள் இருந்தன.

சரி, வேலைக்கு வருவோம். இணையப் பக்கம் ஒன்றில் மூன்று பகுதிகள் உண்டு. எச்.ரி.எம்.எல். என்பது சட்டகம், எந்த இடத்தில் படம், எந்த இடத்தில் எழுத்து என்பதைக் கூறும். சி.எஸ்.எஸ். என்பது நிறமும் அளவும். ஜாவாஸ்கிரிப்ட் என்பது அசைவு. தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். 1995 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரென்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதினார் என்பார்கள். அவசரத்தில் பிறந்த மொழி என்பதால் அதில் சில கோணல்களும் உண்டு.

அக்காலத்தில் ஒவ்வொரு பிரவுசரும் இம்மொழியைத் தன் விருப்பப்படி விளங்கிக்கொண்டது. ஒன்றில் ஓடும் நிரல் மற்றதில் ஓடாது. இந்தத் தலையிடியைக் குறைக்கவே 2006 இல் ஜோன் ரெசிக் என்ற அமெரிக்க இளைஞர் ஜேகுவெரி என்பதை வெளியிட்டார். இதனை நிரல் நூலகம் என்பர். நூலகம் என்றதும் எங்களுக்கு 1981 தான் நினைவுக்கு வரும், இது வேறு. பலருக்கும் தேவைப்படும் சிறு சிறு வேலைகளை ஒருவர் முன்கூட்டியே எழுதிச் சேர்த்து வைத்த கட்டு இது. தையல் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். சட்டைக்கு அளவெடுத்து வெட்டிய கடதாசி அச்சு ஒன்று கையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக வரையத் தேவையில்லை அல்லவா? அதைப் போன்றதே இது.

ஜேகுவெரியின் அடையாளம் டொலர் குறி. முதன்முதலாக அதைத் திரையில் கண்ட அயல்வீட்டு அக்கா, "இதுக்கும் காசு கேக்கப் போறாங்களோ?" என்றார். இல்லை. இது இலவசம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற அனுமதியுடன் வருகிறது. டொலர் குறியைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரைச் சொன்னால், பக்கத்தில் அப்பெயருள்ள எல்லாவற்றையும் அது பிடித்துத் தரும். பின்னர் ஒரு புள்ளி வைத்து, மறை, காட்டு, மெதுவாகத் தோன்றச் செய் என்று கட்டளை இடலாம். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்பதை ஆயிரத்தில் ஒரு செக்கன் என்ற அளவில் எழுதவேண்டும். நாம் ஒன்றும் எழுதாவிட்டால் அது 400 என்று எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு அது இதமாகவே இருக்கும்.

இன்னொரு வசதி எங்களைப் போன்றவர்களுக்கு மிகப் பெரியது. முழு நூலகமும் ஒரே ஒரு கோப்பு. சுருக்கிய வடிவில் 100 கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு தடவை இறக்கிப் பென்ட்ரைவில் போட்டுவிட்டால் இணைப்பு இல்லாத வீட்டிலும் இருந்து பழகலாம். நான் அப்படித்தான் இரவில், சமையல் முடிந்த பின்னர் பழகினேன்.

இந்தக் காலத்தில் ஜேகுவெரி எதற்கு என்று கணனி படித்த பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இன்றைய பிரவுசர்கள் ஒன்றுபோல நடந்துகொள்கின்றன. அன்று ஜேகுவெரி செய்த பலவற்றை இன்று வெறும் ஜாவாஸ்கிரிப்டிலேயே செய்யலாம். ஆயினும் முதல் மாதத்துக்கு இதுவே நல்லது என்பது என் அபிப்பிராயம். எழுதிய அன்றே பலன் கண்ணில் தெரிகிறது. பலன் தெரிந்தால்தான் அடுத்த நாளும் கதிரையில் வந்து அமர மனம் வரும். அதன் பின்னர் வெறும் ஜாவாஸ்கிரிப்டைப் படியுங்கள், கை பழகியிருக்கும்.

அல்பத்தின் உயிர் படங்களில் அன்றிப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் சட்டகத்தில் தனித்தனியே ஆணி அடித்து மாட்டினால், ஒன்றைக் கழற்றும்போது எல்லாவற்றையும் தொட வேண்டிவரும். அதற்குப் பதிலாக ஒரு தனிக் கோப்பில் பட்டியல் ஒன்று எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு படம். அதில் கோப்பின் பெயர், தலைப்பு, ஒரு வரி விளக்கம். ஜேகுவெரி அப்பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்து, வரிக்கொரு படத்தைத் தானே மாட்டும். புதிய படம் வேண்டுமானால் ஒரு வரி கூட்டுங்கள். வேண்டாமென்றால் ஒரு வரியை அழியுங்கள். இதனையே மாறும் அல்பம் என்கிறோம்.

இங்கே பழகுபவர்கள் தடக்கும் இடங்கள் சில உள்ளன. பட்டியலைத் தனித் தரவுக் கோப்பாக வைத்து ஜேகுவெரியால் எடுக்கச் சொன்னால், இணைப்பின்றி வீட்டுக் கணனியில் திறக்கும்போது குரோம் போன்ற பிரவுசர்கள் பாதுகாப்புக் கருதி அதைத் தடுத்துவிடும். பக்கம் வெறுமையாக நிற்கும். பட்டியலையே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக எழுதி, பக்கத்துடன் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, படத்தைத் தொட்டால் ஒன்றும் நடக்காதிருப்பது. காரணம் இதுதான்: தொட்டால் திற என்ற கட்டளையைப் பக்கம் திறந்தவுடன் கொடுத்திருப்போம், படங்களோ அதற்குப் பின்னர் மாட்டப்பட்டிருக்கும். பின்னால் வந்தவைக்குக் கட்டளை தெரியாது. முன்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, வாசலில் நிற்கும் ரீச்சரிடம் சொல்லிவிட்டால் பிந்தி வரும் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். அதேபோலப் படங்களைத் தாங்கும் பெட்டியிடமே கட்டளையைக் கொடுக்கவேண்டும். ஜேகுவெரியில் 'ஒன்' என்ற கட்டளை அதற்கே உள்ளது.

மூன்றாவது எண்ணிக்கை. கணனி பூச்சியத்தில் இருந்து எண்ணும். 12 படம் இருந்தால் கடைசிப் படத்தின் எண் 11. கடைசியில் அம்புக்குறியை அழுத்தினால் முதற்படம் வரவேண்டும் என்றால், எண்ணுடன் 1 ஐக் கூட்டி 12 ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 12 ஐ 12 ஆல் வகுக்க மீதி பூச்சியம், முதற்படம் வந்துவிடும். பின்னோக்கிப் போக 1 ஐக் கழிக்காதீர்கள், முதற்படத்தில் நிற்கும்போது மறை எண் வந்து குழப்பும். 11 ஐக் கூட்டி மீதியை எடுங்கள். நாலாம் வகுப்புக் கணக்குத்தான். என் பெறாமகள் இதைச் சொல்லித் தந்தபோது, "பெரியம்மா, ஒரு பூவைப் பின்னிப் பாத்திட்டால் மிச்சம் அதே கைதான்" என்றாள்.

படத்தின் பாரத்தையும் கவனியுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் வரை வரும். அப்படி 60 படம் என்றால் 240 மெகாபைட். டேட்டா போட்டுப் பார்க்கும் பெண்ணின் காசு ஒரு தடவையிலேயே கரைந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி செய்யுங்கள். 300 புள்ளி அகலச் சிறிய பிரதி சுமார் 25 கிலோபைட்டுக்குள் அடங்கும். 60 படத்துக்கும் ஒன்றரை மெகாபைட் போதும். 1200 புள்ளி அகலப் பெரிய பிரதி, தொட்டவர்களுக்கு மட்டும் திறக்கட்டும். தலைப்புகளை யூனிகோட்டில் அடியுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்தவை, அவ்வெழுத்துரு இல்லாத திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கத்தை அதன் மாற்றெழுத்தாகவும் கொடுங்கள். ஷெல் அடியில் கண்ணை இழந்த எங்கள் சகோதரிகளுக்குத் திரைவாசிப்பான் அந்த வரியைத்தான் வாசித்துக் காட்டும்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விடயம். மேற்சொன்ன அயல்வீட்டு அக்கா தன் படத்தைத் தரத் தயங்கினார். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோது யாரோ அவரைப் படம் எடுத்திருக்கிறார்கள். பல வருடம் கழித்து, நிதி சேர்க்கும் பக்கம் ஒன்றில் அவரது மருமகன் அதைக் கண்டார். "தலைகூட இழுக்கேல்லை தங்கச்சி. என்னட்டை ஒருத்தரும் கேக்கவுமில்லை" என்றார் அக்கா. பின்னர், "நான் வேண்டாமெண்டால் எடுத்து விடுவீரோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லக் கூடியதாக அல்பத்தைச் செய்யவேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். எடுப்பது சுலபம் என்று தோன்றும். பட்டியலில் ஒரு வரியை அழித்தால் போதுமே! போதாது. வரியை அழித்தால் படம் பக்கத்தில் தெரியாது, ஆனால் கோப்பு சேவையகத்தில் அப்படியே இருக்கும். முகவரி தெரிந்தவர் திறந்து பார்க்கலாம். எனவே சிறிய பிரதி, பெரிய பிரதி இரண்டையும் அங்கிருந்து நீக்கவேண்டும். கிற்ஹப் போன்ற இடங்களில் இலவசமாகப் பக்கம் வைக்கலாம். ஆனால் அது பழைய பதிப்புகளையும் பாதுகாக்கும் இடம். இன்று நீக்கிய படத்தை நேற்றைய பதிப்பில் எடுக்கலாம். கடகத்தின் படத்துக்கு அது பரவாயில்லை. ஆட்களின் முகத்துக்கு வேண்டாம். எவராவது ஏற்கனவே தம் கணனியில் சேமித்திருந்தால் அதை எங்களால் மீட்க முடியாது என்பதையும் படம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அக்காவிடமும் சொன்னேன். இரண்டு கிழமை யோசித்து, கடகம் பின்னிக்கொண்டிருக்கும் படம் ஒன்றைத் தந்தார். தலை வாரி, பொட்டும் வைத்திருந்தார்.

பட்டியல் கோப்பை எவரும் திறந்து வாசிக்கலாம் என்பதை மறவாதீர்கள். பக்கத்தில் காட்டாமல் விட்டாலும், அதில் எழுதிய பெயர், ஊர், தொலைபேசி எண் யாவும் வெளியே தெரியும். சம்மதம் தந்தவர், தராதவர், பின்னர் மறுத்தவர் என்ற விபரத்தைக் கொப்பியில் எழுதிச் சங்க அலுமாரியில் வையுங்கள். சிறுபிள்ளைகளின் படத்துக்குத் தாயின் சம்மதத்துடன், விளங்கும் வயதானால் பிள்ளையிடமும் கேளுங்கள்.

கைத்தொலைபேசி எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் ஒளிந்திருக்கக்கூடும். கமராவில் இருப்பிடப் பதிவு திறந்திருந்தால், வீட்டு வாசலில் எடுத்த படம் அந்த வாசலுக்கே வழிகாட்டும். தனியே வாழும் பெண்களும், பிள்ளைகளுடன் தனித்திருக்கும் தாய்மாரும் அநேகமாக உள்ள எங்கள் கிராமங்களில் இது சிறிய விடயமல்ல. முதலில் கமராவின் அமைப்பில் அதை நிறுத்துங்கள். ஏற்கனவே எடுத்தவற்றுக்கு, விண்டோஸ் கணனியில் படத்தின்மேல் வலப்பக்க மவுஸ் பொத்தானை அழுத்தி, 'புரொப்பற்றீஸ்' திறந்து 'டீற்றெயில்ஸ்' பகுதிக்குப் போங்கள். தனிப்பட்ட விபரங்களை அகற்றும் வழி அதன் அடியில் உண்டு. படத்தைச் சிறிதாக்கினால் இவை தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்க வேண்டாம். சில செயலிகள் அகற்றும், சில அப்படியே கடத்தும். பார்த்து உறுதி செய்த பின்னரே ஏற்றுங்கள்.

பழகத் தொடங்குபவர்கள் ஆறே ஆறு படத்துடன் தொடங்குங்கள். ஆட்கள் இல்லாத படங்களாக இருக்கட்டும்: முற்றத்து மல்லிகை, தையல் இயந்திரம், நீங்கள் செய்த ஒரு பொருள். கோப்பின் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்திலும் இலக்கத்திலும், இடைவெளி இன்றி வையுங்கள். முதல் நாள் ஆறும் வரிசையாகத் தெரிந்தால் போதும். மறுநாள் தொட்டுத் திறப்பதைச் செய்யலாம். எங்காவது நின்றுவிட்டால், எந்த வரியில் நின்றதென்று எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில், பெரிய படத்தைக் கைவிரலால் தள்ளி மாற்றும் விதத்தைப் பார்ப்போம்.