முந்நூறை வகுக்கத் தெரிந்தால் போதும்

101.4 மெகாஹெர்ட்ஸ் எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கைப்பேசியைத் தட்டி, 1,01,400 என்று நொடியில் சொல்லிவிடுவார்கள். விடை சரிதான். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். இந்தக் கணக்கைக் கருவியிடம் விட்டுவிடாமல் மனதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் காலத்து ரேடியோவில் 25 மீட்டர், 41 மீட்டர் என்று அலையின் நீளத்தைச் சொல்வார்கள். கிலோசைக்கிள் என்பதும் புழக்கத்தில் இருந்தது. ரேடியோ அலைகளைச் சோதனையில் நிரூபித்துக் காட்டிய ஜெர்மானியர் ஹென்ரிக் ஹெர்ட்ஸின் நினைவாக அது கிலோஹெர்ட்ஸ் ஆயிற்று. பெயர்தான் மாறியது, எண் மாறவில்லை. ஒரு ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஓர் அதிர்வு, அவ்வளவே.

இதை மீட்டராக மாற்றுவது சுலபம். ரேடியோ அலை நொடிக்குச் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வந்துவிடும். கிலோஹெர்ட்ஸ் என்றால் 3,00,000-ஐ வகுக்க வேண்டும்.

சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலை நீளம் ஏறத்தாழ 417 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை தரையை ஒட்டியே வெகுதூரம் போகும். 101.4 எஃப்.எம். அலையோ மூன்று மீட்டருக்கும் குறைவு. அது பெரும்பாலும் நேர்கோட்டில் போவதால் சீக்கிரம் எல்லை கட்டிவிடும். அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர் அளவுக்கு ஏரியலை இழுத்துவிட்டால் எஃப்.எம். தெளிவாகக் கேட்கும்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டா கிராமங்கள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை; செல்போன் கோபுரங்களும் பழுதாயின. அப்படிப்பட்ட வேளையில் இரண்டு பேட்டரி போட்ட மீடியம் வேவ் ரேடியோ பெரிய துணை. ஆனால் முள்ளை எங்கே நிறுத்துவது? திருச்சி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸ். சில ரேடியோக்களில் நூறால் பெருக்கச் சொல்லி 5, 6, 7 என்று மட்டும் அச்சிட்டிருக்கும். அதில் 9-ஐச் சற்றுத் தாண்டி நிறுத்த வேண்டும். மீட்டர் மட்டும் போட்ட பழைய பெட்டியில் 320-க்குப் பக்கத்தில். மூன்றும் ஒரே இடம்தான். இருட்டில் கைப்பேசியும் செத்துக் கிடக்கும்போது இதை யாரிடம் கேட்பது?

ஆகவே, உங்கள் ஊர் நிலையத்தின் எண்ணைக் கிலோஹெர்ட்ஸிலும் மீட்டரிலும் ஒரு சீட்டில் எழுதி ரேடியோவின் முதுகில் ஒட்டி வையுங்கள். வகுத்தலைப் பேரனையோ பேத்தியையோ விட்டுப் போடச் சொல்லுங்கள், கைப்பேசி இல்லாமல்.