வாங்குக்கு நிறம் பூசுமுன்

வன்னியில் இப்போது மரவாங்குகளின் காலம். ஏ-9 வீதியை அண்டிய ஊர்களில், முற்றத்து மாமரத்தின் கீழ், கடும் மண்ணிறம் பூசிய வாங்குகளையும் கதிரைகளையும் காண்கிறேன். வெளிநாட்டு உறவினர் விடுமுறையில் வந்து இருந்து கதைப்பதற்கென்றே செய்விக்கப்பட்டவை அவற்றுட் பல. 2010இல் மீளக்குடியமர்ந்தபோது கதவும் யன்னலும் கழற்றிச் செல்லப்பட்ட சுவர்களுக்கிடையே தறப்பாள் கட்டி வாழ்ந்த சனங்கள் இவர்கள். முற்றத்தில் அழகுக்கென ஒரு தளபாடம் வைத்திருப்பதை நான் குறைகூற மாட்டேன். என் முறைப்பாடு அந்த மண்ணிறத்தைப் பற்றியது.

பல இடங்களில் அது மரத்தை மறைக்கவே பூசப்படுகிறது. தேக்கின் பெருமையெல்லாம் அதன் வைரத்துக்கே உரியது. வெளிறு கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் நல்ல தீனி. இளம் தேக்கிலோ வெளிறுதான் அதிகம். ஒரு தடவை சாயம் ஓட்டிவிட்டால் இரண்டும் ஒரே நிறம்! இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் கைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டுக் காசை அனுப்புகிறார். கதவுகளிலும் இதே கதைதான். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபா. சுவரும் கூரையும் முடிந்தபின் எஞ்சிய சொற்பத்துக்கு எந்த மரம் கிடைக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். எனவே, பூசாத மரத்தைக் கண்ணால் பார்த்த பின்பே விலை பேசுங்கள். சாயத்தை உங்கள் முற்றத்தில் வைத்தே பூசுவிக்கலாம்.

நிறமே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. வெயிலில் கிடக்கும் மரத்துக்கு நிறம் ஒரு காப்பு. சூரியனின் புறஊதாக் கதிர் மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பலகை நரைப்பதும் மயிர்விடுவதும் அதனால்தான். நிறமற்ற வார்னிஷ் பளபளக்கும். ஆனால் கதிர் அதனூடே புகுந்து அடிமரத்தைக் கெடுக்க, மேற்பூச்சு தோல் உரிவதுபோல உரிந்து போகும். பிறகு முழுவதையும் சுரண்டவேண்டும். நிறமிகள் கலந்த மரச்சாயம் நாருக்குள் ஊறி, கதிரையும் தடுக்கும். மங்கினால் கழுவிக் காயவிட்டு மேலே இன்னொரு தடவை பூசினாற் போதும். மிகக் கடும் நிறம் வன்னி வெயிலில் கொதிக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். பங்குனி மத்தியானத்தில் கறுத்த வாங்கில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நடுத்தரச் செம்மண்ணிறமே இந்த மண்ணுக்கும் பொருந்தும்.

முதிரைக்கும் பாலைக்கும் சாயம் பூசுவது எனக்கு வீண்வேலையாகவே படுகிறது. இறுகிய மரங்கள், சாயம் ஊறாது, மேலே பிசுபிசுத்து நிற்கும். எண்ணெய் தடவித் துடைத்துவிட்டால் போதும். சாயம் தேவைப்படுவது மலிவான மென்மரங்களுக்கும், கொள்கலன்களில் வந்து கழிக்கப்படும் பெட்டிப் பலகைகளுக்கும்தான்.

காலமும் முக்கியம். மாரி முடிந்த கையோடு, ஈரம் ஊறிய மரத்தில் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சுக் கொப்புளிக்கும். வைகாசிக்குப் பின் சோளகம் எழுந்தால் புழுதி முழுவதும் ஈரப்பூச்சில் வந்து ஒட்டும். மாசி நடுவிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். நிழலில் வைத்து, அரத்தாளால் நார் வழியே தேய்த்து, மெல்லியதாக இரண்டு தடவை பூசி, ஊறாத மிச்சத்தைத் துணியால் துடைக்கவேண்டும். பலகையின் வெட்டுமுகங்கள்தான் அதிகம் தண்ணீர் குடிப்பவை. அவற்றுக்கு மூன்று தடவையென்றாலும் தகும். சாயம் கறையானைத் தடுக்காது. வாங்கின் கால்கள் மண்ணில் படாமல் சீமெந்துக் கல்லின்மேல் நிற்கட்டும்.

இனி, கழிவு ஒயில். வாகனத்திலிருந்து வடித்த கறுத்த ஒயிலைக் கொட்டில் மரங்களுக்குப் பூசுவது எங்கள் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். செலவில்லை, கறையானும் கொஞ்சம் ஒதுங்கும் என்பது சரிதான். ஆனால் எஞ்சினுக்குள் எரிந்த ஒயிலில் புற்றுநோயுடன் தொடர்புடைய சேர்மங்கள் உண்டு. தோலில் ஒட்டும், மழையில் கழுவுண்டு மண்ணுக்குள் இறங்கும். வேலிக் கட்டைக்குப் பூசுவதையே நான் விரும்பவில்லை. பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குக்கு அறவே கூடாது. கிரியோசோற்றைப் பொதுமக்களுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2003இலேயே தடைசெய்துவிட்டது. அமெரிக்காவில் ஆசெனிக் ஏற்றிய பலகை வீட்டுப் பாவனையிலிருந்து விலக்கப்பட்டதும் அதே ஆண்டின் முடிவிலேதான்.

இன்னொரு விடயம். நான் எடுத்துப் பார்த்த சாய டின்கள் சிலவற்றில் தமிழே இல்லை. வேறு சிலவற்றில் பெயர் மட்டும் தமிழில், எச்சரிக்கை ஆங்கிலத்தில். 1987இல் 13ஆம் திருத்தத்தின்மூலம் தமிழும் ஆட்சிமொழியாயிற்று என்று நாம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். அது டின்வரைக்கும் இன்னும் இறங்கி வரவில்லை போலும். இது வெறும் மொழிப்பற்று அல்ல. ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயத்தைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றுடன் கூடி உலரும்போது வெப்பம் உண்டாகி, நெருப்புக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளக்கூடும். கிடுகுக் கொட்டிலுக்குள் வேலைசெய்யும் தச்சருக்கு, அவர் வாசிக்கக்கூடிய எழுத்தில் இதைச் சொல்லவேண்டாமா? டின்னில் வரும்வரை நாமாவது சொல்லிவைப்போம்: துணிகளைத் தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.