கேட் பாஸின் பின்பக்கம்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் பதினோரு படங்கள் அனுப்பினான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். திருவொற்றியூர்ப் பையன், இப்போது ட்ரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கிற கன்டெய்னர் வண்டி வரிசையை நம்மில் பார்க்காதவர் கிடையாது. அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில், ஸ்டியரிங் மேல் ஒரு அட்டையை வைத்து, பழைய கேட் பாஸ், சலான் இவற்றின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த படங்கள். தூங்குகிற கிளீனர், சாலையோரம் இட்லி விற்கிற அம்மா, முன்னால் நிற்கும் வண்டியின் பின்கதவு.

ஒரு படம் 2017 ஜனவரியில் வரைந்தது. காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததே, அப்போது எர்ணாவூர்க் கரையில் கல்மேல் நின்று வாளியால் கறுப்பு எண்ணெயை அள்ளியவர்கள். முகமே இல்லை, முதுகுகளும் வாளிகளும்தான். முப்பத்து நான்கு வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். அப்படி ஒரு முதுகு எனக்கு வரைய வராது.

படங்களுக்குக் கீழே எழுதியிருந்தான்: "சார், இனிமே ஒழுங்கா வரையலாம்னு இருக்கேன். நல்ல பேப்பர், நல்ல கலர், ஸ்டாண்டு எல்லாம் வாங்க எவ்ளோ ஆகும்? சீட்டு எடுத்துடலாமா? இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு நீங்க நினைச்சா அதையும் சொல்லிடுங்க. இது சோறு போடுமான்னு அண்ணன் கேட்குறாரு."

அந்த "ஒழுங்கா" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவன் எட்டாம் வகுப்பு படித்தபோது அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு, அதாவது லோயருக்கு, சில பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கார்ட்ரிட்ஜ் தாள், ட்ராயிங் போர்டு, வாட்டர் கலர் பெட்டி எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். மூன்று வாரம் அவன் கொண்டுவரவில்லை. "ஒழுங்கா சாமான் வாங்கிட்டு வா, அப்புறம் வரையலாம்" என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். ஏன் வாங்கவில்லை என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் ட்ராயிங் பக்கமே வரவில்லை. நல்ல ஆசிரியர் என்று என்னைச் சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அவனுக்கு எழுதிய பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியை உங்களில் பலர் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, சீட்டு எடுக்காதே. கோடு போடாத நோட்டு ஒன்று, பேனா இரண்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைல். இருநூறு ரூபாய்க்குள் முடியும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் தாள் கடைகள் வரிசையாக இருக்கும். தெரிந்த அச்சகம் இருந்தால் வெட்டி மிஞ்சிய ஓரத் தாளைக் கேள், கெட்டியான தாளே கிடைக்கும். பால்பாயின்ட் மை வெளிச்சம் பட்டால் நாளடைவில் மங்கும். அதனால் கேட் பாஸ் படங்களைச் சுவரில் மாட்டாதே. ஃபைலில் வை, போனில் படம் எடுத்தும் வை. கலர் பெட்டி வேண்டும் என்று கையே கேட்கிற ஒரு நாள் வரும். அன்றைக்கு வாங்கு. விலை உயர்ந்த தாளை வாங்கி வைத்தால் கெடுத்துவிடுவோமோ என்று கை நடுங்கும். ரிட்டயர் ஆனபோது எனக்குப் பரிசாக வந்த வெளிநாட்டுத் தாள் கட்டு இன்னும் பீரோவில் பிரிக்காமல் கிடக்கிறது.

நம் பக்கத்துக் கானாக்காரர்கள் வாத்தியம் வாங்கிய பிறகா பாட ஆரம்பித்தார்கள்? குடமோ மேசையோ கிடைத்தால் போதும். கானா உலகநாதனை 2006-இல் 'சித்திரம் பேசுதடி' வந்த பிறகுதான் ஊர் முழுக்கத் தெரியும். அதற்கு முன்னாலும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது அண்ணன் கேட்ட கேள்வி. சோறு போடுமா? பெரும்பாலும் போடாது. அதைக் கேட்டு ஏன் சோர்ந்து போக வேண்டும்? எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் இதே கேள்வியை நேராகப் பார்த்தவர். படித்து முடித்த பிள்ளைகள் வரைவதை விட்டுவிட்டு எங்கேயாவது வேலைக்குப் போய்க் காணாமல் போவதைப் பார்த்து, அவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். ஓவியர்கள் பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். அப்போது அது வெறும் மணல்காடு. பாத்திக் சோறு போட்டது. அதனால் கேன்வாஸில் யாருக்கும் பிடித்த மாதிரி வரைய வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. சுல்தான் அலி, வாசுதேவ், சேனாதிபதி எல்லாம் அந்த மண்ணில் வேலை செய்தவர்கள்.

உனக்கு ட்ரெய்லர்தான் பாத்திக். வேலையை விடுகிற யோசனை இருந்தால் அதையும் ஒத்திப்போடு. தண்டையார்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். போர்டு எழுதுவதில் ராஜா. பிரஷ் ஒன்றுதான் அவருக்கு வருமானம். ஃப்ளெக்ஸ் வந்தது, வேலை போனது. அதற்குப் பிறகு தனக்காகக்கூட அவர் ஒரு எழுத்து எழுதவில்லை. கேட்டால், "பிரஷ்ஷப் பாத்தா கடன்தான் ஞாபகம் வருது" என்பார். ஓவிய ஆசிரியர் வேலையும் அப்படி ஒன்றும் காப்பாற்றிவிடாது. 2012-இல் நம் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி என்று 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய்.

அடுத்து சொந்தக்காரர்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஒருத்தி கோலத்தைத் தாண்டி எதையாவது வரைந்தால், "இதை விற்கலாமே" என்கிறோம், இல்லையென்றால் "இதுக்கு எங்கே நேரம் கிடைக்குது?" என்கிறோம். இரண்டும் ஒன்றுதான். கிரிக்கெட் பார்க்கிறவனிடம் யாரும் வருமானம் கேட்பதில்லை. கல்யாணத்துக்குப் பரிசாக, "நீதான் நல்லா வரைவியே, பொண்ணு மாப்பிள்ளை படம் ஒண்ணு போட்டுக் குடு" என்று கேட்பதையும் நிறுத்துங்கள். கேட்டால் தாளுக்கும் ஃப்ரேமுக்குமாவது காசு கொடுங்கள். மொய்க்கு நோட்டுப் போட்டு எழுதி வைக்கிற நமக்கு இது புரியாத கணக்கா?

தன்னம்பிக்கை எப்படி வரும் என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அவன் கேள்வி முழுக்க அதுதான். எனக்குத் தெரிந்த ஒரே வழி, வரைகிற இரண்டு பேரிடம் மாதம் ஒருமுறை காட்டுவது. லைக் போடுகிற இருநூறு பேர் "சூப்பர்" என்பார்கள். வரைகிறவன்தான், "இந்த வாளி கையில் தொங்கலையே, ஒட்டி வச்ச மாதிரி இருக்கே" என்று சொல்வான். அந்தத் தப்பைச் சரி செய்த அன்றைக்கு, அண்ணன் கேள்வி அவ்வளவு பெரிதாகத் தெரியாது. உண்மையிலேயே அவன் படத்தில் ஒரு வாளி அப்படித்தான் இருந்தது. சொன்னேன். மறுநாள் திருத்தி அனுப்பினான்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குத் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ வாசலில் நிற்பேன். அங்கிருந்து பட்டினத்தார் சமாதிப் பக்கம் கடற்கரைக்கு நடக்கலாம், வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் வரையலாம். அவனுக்கு ட்ரிப் இல்லையென்றால் வருகிறேன் என்றிருக்கிறான். எட்டாம் வகுப்பில் வெளியே நிற்க வைத்ததற்கு அவனிடம் நேரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம், பேனாவும் எதுவும் எழுதாத ஒரு பக்கமும் போதும். டீ என் செலவு.